இருநூற்றுப் பதினாலாம் எண்

வேதக்கோயிலில் முதல் மணி அடித்து ஓய்வதற்குள் எப்சிபா டீச்சர் வந்து உட்கார்ந்தாயிற்று. பெண்கள் பக்கம், இரண்டாவது பெஞ்சு, ஓரத்து இடம், நேர் மேலே மின்விசிறி. அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் டீச்சர் ஒரு வார்த்தை பேசமாட்டாள், பக்கத்தில் போய் நிற்பாள், அவ்வளவுதான், உட்கார்ந்தவள் தானாக நகர்ந்துவிடுவாள். முப்பத்துநாலு வருஷம் நடுநிலைப்பள்ளியில் பிள்ளைகளை மேய்த்த பார்வைக்கு அந்தப் பலனாவது வேண்டாமா. இன்றைக்கு மடியில் வழக்கமான கைப்பை இல்லை, ஒரு மஞ்சள் துணிப்பை, பைக்குள் சபை ரிஜிஸ்தர். கறையானுக்குப் பயந்து உள்ளே போட்டு வைத்த வேப்பிலை காய்ந்து நொறுங்கி, அந்த வாசனை அவள் பூசிய பவுடரையும் மீறி மூக்குக்கு ஏறியது. எடை இரண்டு கிலோ தேறாது, ஆனாலும் தொடை மரத்துப்போகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வின் ஐயர் வீட்டு வாசலுக்கே வந்து கேட்டார். அந்தப் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். இவர் சின்ன வயசு, வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, எதையும் ஓட்டமும் நடையுமாகச் செய்கிற ஆள். “டீச்சர், ஞாயித்துக்கிழமை வரும்போது ரிஜிஸ்தரைக் கொண்டாந்திருங்க. அதுல பேரு இருந்தா ஆளு தப்பிச்சிரும். ஒண்ணு விடாமத் தேடணும்.” தேடணுமாம். அந்தப் புத்தகத்தில் இருக்கிற ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரையும் தன் கையால் எழுதியவளிடம் வந்து தேடச் சொல்கிறார். அதில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். யார் இல்லை என்று அதைவிட நன்றாகத் தெரியும்.

எல்லாம் ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. ஆறு ஏறி, பாலத்துக்கு அடியில் படுத்திருந்தவர்களுக்குப் போக்கிடம் இல்லை என்று ஐயர் கோயில் ஹாலைத் திறந்துவிட்டார். மழை நின்றது, ஆறு இறங்கியது, ஆட்கள் இறங்கவில்லை. பதினேழு பேர். டீச்சர் அன்றைக்கே கமிட்டியில் கேட்டாள், திறக்கிறது லேசு, மூடுகிறது யார் என்று. பிறகு பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர் மனுப் போட்டார், மாப்பிள்ளை அழைப்பு வருகிற வழியில் ஈரப்பாயும் கோணிமூட்டையுமாகக் கிடக்கிறது என்று. நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. வழிபாட்டுக்கு என்று அனுமதி வாங்கிய கட்டடம், அதில் ஆட்களைத் தங்கவைத்தால் விடுதி, விடுதிக்கு லைசென்ஸ் வேண்டும், தலைக்கணக்குப்படி கக்கூஸ் வேண்டும், தீயணைப்புச் சான்று வேண்டும். ஐயர் விடவில்லை, கமிஷனர் முன்னால் போய் உட்கார்ந்து, “வீடில்லாதவனைச் சேத்துக்கிடுறதும் எங்களுக்கு ஆராதனைதான் சார், ஆராதனைக்கு லைசென்ஸ் கேப்பீங்களா?” என்று கேட்டாராம். கமிஷனரும் லேசுப்பட்டவர் இல்லை, “ஆராதனை பண்ணுங்க, யாரு வேண்டாம்னா? படுத்துத் தூங்குறது எந்த ஆராதனையில சேரும்?” என்றாராம். கடைசியில் சபையின் பொது விருந்தான அசனப் பண்டிகைதான் கை கொடுத்தது. வருஷா வருஷம் அசனத்துக்கு வெளியூரிலிருந்து வருகிற சபையார் அதே ஹாலில்தான் இரண்டு நாள் மூன்று நாள் படுத்துக் கிடப்பார்கள், சமைத்துச் சாப்பிட்டு, குடும்பத்தோடு. எந்த ஆபீசரும் அதைக் கேட்டதில்லை. அதைச் சொல்லி ஐயர் மடக்கினார். சரி, சபைப் பதிவேட்டில் பேர் இருக்கிறவர் தன் கோயிலில் தங்கினால் அது வழிபாடு, பேர் இல்லாதவர் தங்கினால் விடுதி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பார்த்துப் பிரித்துவிடுவோம் என்று நகராட்சியில் எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்துப் பேரை ஏற்றிவிட்டால் என்ன என்று கமிட்டியில் ஒருவர் யோசனை சொன்னதற்கு ஐயர் முகம் சிவந்துபோய், “கூரைக்காகக் குடுத்தா அது ஞானஸ்நானமா?” என்றார். அந்த ஒரு விஷயத்தில் டீச்சருக்கு அவரைப் பிடித்தது. பதினேழு பேரில் ஒரு பேரை நேற்றே தேடிக் கொடுத்துவிட்டாள், ஞானப்பழம், எழுபத்தொன்பது வயசு, நொண்டிக்கால். ஐயர் சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள், ஏன் கழுவினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆர்மோனியம் இழுத்தது, எல்லோரும் எழுந்தார்கள், ஆரம்பப் பாட்டு. டீச்சருக்கு இந்த வயசிலும் குரல் உடையவில்லை, மேல் ஸ்தாயியில் சுத்தமாக நிற்கும், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. முதல் அடி, இரண்டாம் அடி, பாடிக்கொண்டே போகிறாள், மூன்றாம் அடியில் வந்தது. பின்னாலிருந்து. கடைசிப் பெஞ்சுக்கும் பின்னால், வாசல் ஓரத்தில், ஹால்காரர்களை ஐயர் பாய் விரித்து உட்காரவைத்திருக்கிற இடத்திலிருந்து ஒரு குரல், இரண்டாங்குரல், அவள் குரலுக்குச் சரியாகக் கீழே, ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி. கரகரத்த குரல்தான், நடுவில் இருமல் வேறு. ஆனால் சுருதி விலகவில்லை. டீச்சர் அந்த இடத்தில் வேண்டுமென்றே அரை மாத்திரை தாமதித்தாள். அதுவும் தாமதித்தது. வாயை மூடிக்கொண்டாள். அது மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது, துணையில்லாமல், யாருக்கும் கேட்காத மாதிரி. அப்பா சொல்லிக் கொடுத்தது. அப்பா இதே கோயிலில் உபதேசியார், ஐயருக்கு அடுத்தபடி சபையைக் கவனிக்கிறவர், இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்தி, பெரியவளுக்கு இரண்டாங்குரல், சின்னவளுக்கு முதல் குரல், ஒருத்தி இழுத்தால் மற்றவள் காதைப் பொத்தக்கூடாது, அதுதான் பயிற்சி. காதைப் பொத்தினால் கையில் பிரம்பு விழும். இப்போது பொத்தினால் அடிக்க யார் இருக்கிறார்கள். பொத்தவும் முடியவில்லை, ரிஜிஸ்தர் கீழே விழுந்துவிடும்.

மூன்று வாரத்துக்கு முன்னால், வியாழக்கிழமை, ஹாலில் உப்புமா பரிமாறுகிற முறை பெண்கள் சங்கத்துக்கு. டீச்சர் கரண்டியோடு வரிசையில் வருகிறாள், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள், டெட்டாலும் ஈரக்கோணியும் சேர்ந்த அந்த வாடையில் யார் மூச்சு விடுவார்கள். ஒருத்தி தட்டை நீட்டும் முன் முந்தானையால் அதன் விளிம்பை மூன்று தடவை துடைத்தாள், வலது பக்கமாக இரண்டு, இடது பக்கமாக ஒன்று. டீச்சர் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அப்பா அப்படித்தான் துடைப்பார். அவள் வீட்டிலும், தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது, அவளும் அப்படித்தான் துடைக்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் அக்கா. பியூலா அக்கா. தலை முழுக்க நரைத்து, கால் இரண்டும் வீங்கி, நெற்றியில் பொட்டு வைத்து அழிந்த தடம். பக்கத்தில் நின்ற ஐயரம்மா, “டீச்சர், இவங்க பேரு பார்வதி, புருஷன் ரைஸ்மில்லுல பிட்டரா இருந்தாராம், செத்துட்டாரு, பிள்ளை இல்ல, வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம், பாவம்” என்று சொல்லிக்கொண்டே போனாள். பாவம். யாருக்கு யார் பாவம். அக்கா அவளைப் பார்த்தாள், ஒரு இமை கூட அசங்கவில்லை. “இன்னும் கொஞ்சம் போடுங்க டீச்சர்” என்றாள். டீச்சர் என்றாள். சின்ன வயசில் கூப்பிட்ட மாதிரி ஏட்டி என்று கூப்பிட்டிருந்தால் அந்த இடத்திலேயே கரண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள், அல்லது கட்டிப்பிடித்து அழுதிருப்பாள், இரண்டில் எது என்று மூன்று வாரமாக யோசிக்கிறாள், தெரியவில்லை. டீச்சர் என்று கூப்பிட்டது காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிற இரக்கமா, இல்லை, நீ எனக்கு அவ்வளவுதான் என்கிற திமிரா? திமிர்தான். அந்தக் காலத்திலிருந்தே திமிர்தான். போட்டாள், இன்னும் ஒரு கரண்டி. ஊரில் வேறு யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு இருந்தவர்கள் பாதிப்பேர் கல்லறைத் தோட்டத்தில், மீதிப்பேர் பிள்ளைகளோடு சென்னையில்.

பாவ அறிக்கைக்கு முழங்காலிட்டார்கள். டீச்சருக்கு முட்டி மடங்காது, உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டாள், நெற்றி ரிஜிஸ்தரில் இடித்தது. எதை அறிக்கையிட. தான் செய்ததையா, தனக்குச் செய்ததையா. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே கோயிலில் அவளுக்கு ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்வார் உண்டா என்று மூன்று தடவை சபையில் வாசிக்க வேண்டும், அதுதான் முறை. மாப்பிள்ளை தர்மராஜ், ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார், மெலிந்த ஆள், வெட்கப்பட்டால் காது மடல் மட்டும் சிவக்கும். முதல் ஓலை ஆயிற்று. இரண்டாம் ஓலை ஆயிற்று. அடுத்த வியாழக்கிழமை அக்கா தையல் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் திரும்பவில்லை, ரைஸ்மில் பிட்டர் கோமதிநாயகத்தோடு போய் மாலை மாற்றிக்கொண்டாள். மூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா? பத்து நாள் பொறுத்திருந்தால் தங்கைக்குத் தாலி ஏறியிருக்கும், அப்புறம் எவனோடு வேண்டுமானாலும் போயிருக்கலாம், யார் தடுத்தது? சனிக்கிழமை தர்மராஜ் வீட்டிலிருந்து ஆள் வந்தது, உபதேசியார் வீட்டில் இப்படி ஒன்று நடந்த பிறகு எங்களுக்கு யோசனையாக இருக்கிறது என்று. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்திருக்க வேண்டிய அதே நேரத்தில் அப்பா எழுந்து நின்று, அன்றைக்கு அறிவிப்பு வாசிக்கிற முறை அவருக்குத்தான், தன் மூத்த மகளைச் சபையை விட்டு விலக்கிய அறிவிப்பை வாசித்தார். குரல் நடுங்கவில்லை, முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார், உட்கார்ந்த இடம் நனைந்துவிட்டது. எப்சிபா பார்த்தாள். வேறு யாரும் பார்க்காமல் இருக்கத் தன் தாவணி முனையை அதன் மேல் போட்டாள். எட்டு மாதத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். தர்மராஜ் இன்றைக்கு மதுரையில் பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறான். நன்றாக இருக்கட்டும். அக்காவிடமிருந்து ஒரு தடவை, ஒரே தடவை, இன்லாண்டு லெட்டர் வந்தது. பிரிக்காமலே அதன் மேல் முகவரிதாரர் இல்லை என்று முத்து முத்தாக எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். என்ன எழுதியிருந்தாளோ. வயிற்றில் பிள்ளை என்று இருக்கலாம், பிள்ளை போய்விட்டது என்று இருக்கலாம், காசுக்காக இருக்கலாம். பிரித்துப் பார்த்திருந்தால் இவ்வளவு காலம் யோசிக்க வேண்டியிருந்திருக்காது, அதற்காகவே பிரித்திருக்கலாம்.

முதலாம் வேதபாடம், இரண்டாம் வேதபாடம், யாரோ வாசித்தார்கள், யாரோ தடுக்கினார்கள். டீச்சர் கை துணிப்பைக்குள் போய் அட்டையைத் தடவியது. பழைய ரிஜிஸ்தரைக் கறையான் தின்று பாதி மண்ணாகிவிட்டது என்று பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதைப் பிரதி எடுக்கிற பொறுப்பை அவளிடம்தான் கொடுத்தார்கள், ஊரிலேயே நல்ல கையெழுத்து அவளுடையது. கோடை லீவு முழுக்க எழுதினாள். எண், பெயர், ஞானஸ்நானத் தேதி, குறிப்பு, குறிப்புக்குப் பக்கத்தில் தேதி. இருநூற்றுப் பதின்மூன்று எழுதினாள், அடுத்தது இருநூற்றுப் பதினாலு. கறையான் அந்த வரியைத் தொடவே இல்லை. சுற்றிலும் தின்றுவிட்டு அந்த வரியை மட்டும் விட்டுவைத்திருந்தது, பியூலா, அப்பாவின் கையெழுத்தில். அப்பா இரண்டு பேருக்கும் ஒரே வசனத்திலிருந்து பேர் எடுத்தவர், கைவிடப்பட்டவள் என்று இனி யாரும் சொல்லமாட்டார்கள் என்று வருகிற வசனம். அதோடு விட்டாரா, நம்பரையும் மனப்பாடம் பண்ணவைத்தார். “பேரு ஆயிரம் பேருக்கு ஒண்ணு போல இருக்கும், நம்பரு உனக்கு மட்டுந்தான்” என்பார். தினமும் ஜெபம் முடிந்ததும் ஒப்பிக்க வேண்டும், அக்கா இருநூற்றுப் பதினாலு என்பாள், இவள் இருநூற்று ஐம்பத்தொன்று என்பாள். டீச்சர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பேரை எழுதவில்லை. எழுதாமல் விட்டபோது வயிற்றில் குளிர்ச்சியாக ஒன்று இறங்கியது, வெயிலில் வந்து பானைத் தண்ணீர் குடித்ததைப் போல. எண்ணை மட்டும் விடமுடியவில்லை. பள்ளிக்கூடத்தில் நின்றுபோன பிள்ளையின் சேர்க்கை எண்ணை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கமாட்டார்கள், அது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. ஆகவே இருநூற்றுப் பதினாலு என்று எழுதி, அதற்கு நேரே வெறும் வரி. ஆயிரத்து நூறு பேரில் அந்த ஒரு வரி மட்டும் காலி. காலிக் கட்டத்தைப் பார்த்தால் டீச்சருக்குப் பொறுக்காது, அதனால் அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. பழைய ரிஜிஸ்தரைக் கல்லறைத் தோட்டத்து மூலையில் வைத்து அவளே கொளுத்தினாள், அன்றிருந்த ஐயரின் அனுமதியோடுதான்.

பிரசங்கம். வழக்கமாக இருபத்தைந்து நிமிஷம், எண்ணி வைத்தாற்போல் முடிப்பார். இன்றைக்கு நாற்பது ஆயிற்று. நாற்பத்தைந்து ஆயிற்று. சொன்னதையே சொல்கிறார், ஒரு உவமையை எடுத்துப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போகிறார், கழுத்துப்பட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. டீச்சருக்குச் சட்டென்று விளங்கியது. பக்க ஜன்னல் வழியாக வேப்ப மரம் தெரிகிறது, மரத்தடியில் நகராட்சி வேன், அதன் நிழலில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் இசக்கிராஜா செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். அவளிடம் ஏழாம் வகுப்பு படித்தவன், மரியாதை தெரிந்தவன், ஆராதனை நடக்கும்போது உள்ளே வரமாட்டான். ஆராதனை நடக்கிற வரைக்கும் ஒருத்தரையும் ஒருத்தரும் தொடமுடியாது. அதனால்தான் இந்த மனுஷன் முடிக்கமாட்டேன் என்கிறார். பேசிக்கொண்டே இருந்தால் பதினேழு பேருக்கும் கூரை உண்டு, மூச்சு விட நிறுத்தினால் பதினாறு பேருக்கு இல்லை. அந்த வேன் எங்கே போகும் என்று ஊருக்குத் தெரியும், வெளியூரில் ஒரு காப்பகம், அங்கே இடம் இல்லை என்று மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார்கள். போன தடவை கொண்டுபோனவர்களில் ஒரு கிழவர் பைபாஸ் ரோட்டில் கிடந்தார். அக்காவின் கால் இப்போதே பூசணிக்காய் கணக்காக இருக்கிறது, அந்த இருமலோடு மார்கழிப் பனியில் உடம்பு எத்தனை நாள் தாங்கும், பத்து நாள், பதினைந்து நாள். டீச்சர் மனசு நிதானமாகக் கணக்குப் போட்டது, பிறகு போட்ட கணக்கைப் பார்த்துப் பயந்தது. பேசட்டும் இந்த ஐயர், சாயங்காலம் வரைக்கும் பேசட்டும், அப்படியாவது நான் வாயைத் திறக்காமல் தப்பித்துக்கொள்கிறேன் என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே வேண்டிக்கொண்டாள். ஆனால் பெஞ்சுகள் கிறீச்சிட ஆரம்பித்துவிட்டன. ஒரு பிள்ளை அழுதது. பக்கத்தில் இருந்தவள், “அடுப்புல கறி கிடக்கு, தீயைக் குறைக்காம வந்துட்டேன்” என்று முணுமுணுத்தாள். ஆண்கள் பக்கம் கைக்கடிகாரங்கள் திரும்பின. ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை, ஹாலுக்கு அரிசி கொடுத்தவர்கள்தான், பசி நேரம், அவ்வளவுதான். பின்னாலிருந்து இருமல் வந்தது, அடக்கி அடக்கி, முடியாமல். அந்த இருமலைக் கேட்டதும் டீச்சருக்கு என்ன வந்ததோ, பீடத்தில் நின்ற ஐயரை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தலையை மெதுவாகத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருக்கிற இளம் வாத்தியார்களை அவள் அப்படித்தான் பார்ப்பாள். ஐயர் ஒரு வார்த்தையின் நடுவில் நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு ஆமென் என்றார்.

காணிக்கைப் பாட்டு, ஆசீர்வாதம், எல்லாம் ஓடிப்போயிற்று. டீச்சர் ஹால் வாசலுக்குப் போனபோது மேஜை போட்டாயிற்று. இசக்கிராஜா எழுந்து நின்று தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தான், “நீங்க உக்காருங்க டீச்சர்.” பட்டியலை வாசித்தான். ஞானப்பழம் படியில் உட்கார்ந்துகொண்டார், மற்றவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. மற்றவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள், சத்தம் இல்லை, இதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். “பார்வதி, அறுபத்தஞ்சு” என்றான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஐயர் குறுக்கே வந்து, “இருங்க. இந்தம்மா இன்னைக்கு ரெண்டாங்குரல் பாடுனாங்க. சபையில வளராதவங்களுக்கு அது வராது. அம்மா, உங்களுக்கு முந்தி வேற பேரு இருந்துச்சா? இங்க ஞானஸ்நானம் எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார். அக்கா டீச்சரைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துச் சொன்னாள், “பேரைச் சொல்லமாட்டேன் ஐயா. சொன்னா ஒருத்தருக்குச் சங்கடம். நம்பரு சொல்லுதேன். இருநூத்திப் பதினாலு.” ஐயர் பாய்ந்து ரிஜிஸ்தரைத் திருப்பினார், வேப்பிலைத் தூள் மேஜையெல்லாம் கொட்டியது. “இது காலியால்ல இருக்கு” என்றான் இசக்கிராஜா, “என்ன டீச்சர் இது?” கறையான் என்றாள் டீச்சர், அந்த ஒரு சொல்தான் வந்தது. “அப்ப இவங்கதான்” என்றார் ஐயர், முகமெல்லாம் விளக்கேற்றியதைப் போல ஆகிவிட்டது, “நம்பரு தானாவா வாயில வரும்? டீச்சர், நீங்க எழுதின புஸ்தகம், இவங்களா இருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.” இசக்கிராஜாவும் பேனாவை எடுத்துவிட்டான், “டீச்சர் சொன்னா சரிதான் ஐயா. நான் சபையார்னு போட்டுக்கிடுதேன், எனக்கென்ன, வண்டியில ஒரு ஆளு குறையும்.”

இருக்கலாம். ஒரே ஒரு சொல். இவள் என் அக்கா என்று சொல்ல வேண்டாம், அப்பாவை இழுக்க வேண்டாம், ஓலையை இழுக்க வேண்டாம், பொய்கூட இல்லை, முழு உண்மையும் இல்லை, ஒரு காசு செலவில்லாத சொல். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வந்த சொல்லோடு சேர்ந்து மற்றதும் வந்தது: அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு, இனி சாகிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவள் முதல் குரல் எடுக்கும்போது கீழே அந்தக் குரல் வந்து நிற்கும், ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். சின்னவளாகவே இருக்க வேண்டும் மறுபடியும். அக்காவின் காலைப் பார்த்தாள், விரல்கள் தனித்தனியாகத் தெரியாத அளவுக்கு வீக்கம். அந்தக் காலைப் பிடித்து எண்ணெய் தேய்த்துவிடலாம் போல ஒரு கணம் கை பரபரத்தது, அது நிஜம். கெஞ்சட்டும். ஒரு தடவை, ஏட்டி எப்சிபா என்று கெஞ்சிவிட்டால் கொடுத்துவிடலாம். அக்கா கெஞ்சவில்லை. தலையைச் சாய்த்து ரிஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காலி வரியை இல்லை, அதைச் சுற்றி இருந்த கையெழுத்தை, அப்பா சிலேட்டைப் பார்க்கிற மாதிரி. அந்தச் சாய்ந்த தலை. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலச் சாய்ந்து நிற்கிற அந்தத் தலை.

“இல்ல ஐயா” என்றாள் டீச்சர், வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில். “அந்த நம்பருக்கு உள்ள ஆளு செத்துப்போயாச்சு.” ஐயர், “நல்லாத் தெரியுமா டீச்சர்?” என்று கேட்டார். “நல்லாத் தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஆளுதான்.” இசக்கிராஜா தன் பேனாவையே நீட்டினான், “அப்ப குறிப்புல எழுதிருங்க டீச்சர். காலியா விட்டா நாளைக்கு மேல உள்ளவங்க வேற எதையாவது கேப்பாங்க.” எழுதினாள். மரணம். நாலே எழுத்து, கை நடுங்கவில்லை, அப்பா பிள்ளை அல்லவா. அக்கா குனிந்து பார்த்தாள், அவள் மூச்சு டீச்சர் கையில் பட்டது, சூடாக, காய்ச்சல் இருக்கிறது. “எழுத்து அப்படியே இருக்கு” என்றாள், யாரிடமோ சொல்வதைப் போல. பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு போய், வேன் படியில் ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்து ஏறினாள், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது, உரக்கக்கூட இல்லை. “டீச்சர், தேதி போடல.”

கிழவிக்கு ஏதோ குழப்பம் என்று கமிட்டிக்காரர்களில் ஒருவர் சிரித்தார். ஐயர் சிரிக்கவில்லை, டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் குனிந்து பார்த்தாள். உண்மைதான், குறிப்புக்குப் பக்கத்தில் தேதிக் கட்டம் காலியாக இருந்தது. வேன் வாசலைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இன்னைக்கு என்ன தேதி இசக்கிராஜா?” என்று கேட்டாள். சொன்னான். எழுதினாள், மை காயட்டும் என்று இரண்டு தடவை ஊதினாள், ரிஜிஸ்தரை மூடிப் பைக்குள் வைத்தாள்.